முதலில் கடிகாரம், அப்புறம்தான் கண்ணாடி

உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை என்றதும் பலருக்கும் தோன்றும் காட்சி ஒன்றுதான். மெத்தை நாற்காலி, பக்கத்தில் டிஷ்யூ பெட்டி, "சின்ன வயசுல என்ன நடந்துச்சு?" என்று மெல்லக் கேட்கும் ஒருவர். அந்த நினைப்போடு போகிறவர் முதல் நாள் கொஞ்சம் ஏமாந்துதான் திரும்புவார். அவர் கையில் கொடுத்தனுப்புவது கோடு போட்ட ஒரு தாள். நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அடுத்து எத்தனை மணிக்கு என்பதுதான் பேச்சு. உடம்பின் மேல் இருக்கும் வெறுப்பு, கண்ணாடி, அடுத்தவரோடு ஒப்பிட்டுக்கொள்வது எல்லாம் ஒரு மாதம் போல கழித்துத்தான் பேச்சுக்கு வரும். ஏன் இந்த வரிசை, எந்தப் படியில் யாருக்குக் கால் இடறுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். எடை எவ்வளவு, கலோரி எவ்வளவு என்ற கணக்கு எதுவும் இந்தப் பதிவில் வராது. நோயில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்தால் அதோடு போட்டி போடத் தொடங்கிவிடுவார். அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனோரெக்ஸியா என்றால் சாப்பாட்டை ஒடுக்கிக்கொண்டே போவது, எடை ஏறிவிடுமோ என்ற பயத்திலேயே நாளைக் கழிப்பது. புலிமியாவில் கட்டுப்பாடு இழந்து தின்பதும், தின்றதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, வெறிகொண்ட உடற்பயிற்சி என்று ஓடுவதும் மாறி மாறி வரும். 1979-ல் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார். மூன்றாவது பிஞ்ச் ஈட்டிங். இதில் கட்டுமீறித் தின்பது உண்டு, தொடர்ந்து ஈடுகட்டும் பழக்கம் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது 2013-ல்தான்.

ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பருமனாக இருந்த ஒருவர் பட்டினி கிடந்து சில மாதங்களில் இளைத்தால், பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்போதே நாடித் துடிப்பு அபாயமான அளவுக்கு இறங்கியிருக்கலாம். சுற்றியிருப்பவர்கள் அப்போதும் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். ஆண்களுக்கும் வரும். அவர்களில் சிலருக்கு மெலிய வேண்டும் என்ற ஆசை இருக்காது, உடம்பில் தசையே போதவில்லை என்ற தவிப்பாக இருக்கும்.

சாப்பாடு ஏன் முதலில்

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு ஆய்வைத் தொடங்கினார். போர் முடிந்தபின் பட்டினியால் வாடும் மக்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டுபிடிப்பது நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. ஏறத்தாழ கால்பங்கு எடை போனது.

நமக்கு வேண்டியது அவர்கள் மனதில் நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, கூட்டத்தை விட்டு ஒதுங்குதல், எப்போதும் குளிர். கட்டுப்பாடு தளர்ந்தபின் சிலர் வயிறு கொள்ளாமல் தின்றும் போதாமல் தவித்தார்கள். இவர்கள் யாருக்கும் முன்பு உணவுக் கோளாறு இருந்ததில்லை.

"அவளுடைய குணம்", "அவனுடைய பிடிவாதம்" என்று குடும்பம் நினைப்பதில் பெரும்பகுதி பட்டினியின் வேலை. பசித்திருக்கும் மூளை ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அந்த மூளையோடு தன்மதிப்பைப் பற்றிப் பேசுவது, காய்ச்சல் 104-ல் இருப்பவருக்குக் கணக்குப் பாடம் எடுப்பது போல. சாப்பாட்டை முதலில் ஒழுங்கு செய்வதற்குக் காரணம் இதுதான்.

தாள்

பெரியவர்களுக்கு அதிக ஆதாரமுள்ள முறை சி.பி.டி.-ஈ. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1980-களில் புலிமியாவுக்காகத் தொடங்கி, பின்னால் மற்ற உணவுக் கோளாறுகளுக்கும் விரித்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இது. எடை மிகக் குறையாதவருக்கு 20 வாரத்தில் 20 அமர்வு. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, கடைசியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. எடை குறைந்தவருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, 40 அமர்வு. ஆரம்பம் அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் நான்கு வாரத்தில் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தே கடைசிப் பலன் அமைகிறது என்று திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டு நடுவில் மூன்று வாரம் வெளியூர் போவதாக இருந்தால், போய் வந்தபின் தொடங்குவதே மேல்.

முதல் அமர்விலேயே பதிவுத் தாள் வந்துவிடும். நேரம், சாப்பிட்டது, இடம், "அளவு மீறிவிட்டேன்" என்று அவருக்கே தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி, வாந்தி அல்லது பேதி மாத்திரை இருந்தால் ஓர் எழுத்து, கடைசியில் அந்த நேரத்து எண்ணம். கலோரி எழுதக் கூடாது. கிராம் கணக்கும் வேண்டாம். ஒரு நாளின் தாள் இப்படி இருக்கலாம்:

காலை 7.40. கறுப்புக் காபி. சமையலறை, நின்றபடி. "நேத்து ராத்திரி தின்னதுக்கு மதியம் வரை ஒண்ணும் கிடையாது."
பகல் 1.15. ஒரு ஆப்பிள். ஆபீஸ். "பசியே இல்லை. இன்னிக்கு நல்ல நாள்."
மாலை 6.50. பிஸ்கட் 2. வீடு. "ரெண்டோட நிறுத்தணும்."
மாலை 7.05. மீதி பாக்கெட், ரொட்டி, ஐஸ்கிரீம். படுக்கையறை, கதவைச் சாத்திக்கொண்டு. நட்சத்திரம். வா. "ரெண்டு தின்னதே தப்பு. இனிமே எவ்வளவு தின்னா என்ன."

எழுதியவர் தன் பிரச்சினை 7.05 மணி வரியில் இருக்கிறது என்று நினைப்பார். சிகிச்சையாளர் விரல் வைப்பது 7.40 வரியில். காலையில் பட்டினி போட்டதுதான் மாலையைத் தீர்மானித்தது. 6.50-க்கு வந்த "ரெண்டோட நிறுத்தணும்" என்ற விதி மீறிய கணத்திலேயே உடைந்தது. விதி உடைந்தால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு மிச்சத்தைத் தின்ன வைத்தது. வாந்தி எடுத்துவிடலாம் என்ற வழி திறந்திருந்ததால் அளவும் கூடியது. நடந்ததை அம்புக்குறி போட்டு ஒரு காகிதத்தில் இருவரும் சேர்ந்து வரைவார்கள். வட்டமாக வரும். வட்டத்தை எங்கே வெட்டினால் எளிது என்று பார்த்தால் அது மறுபடியும் காலை 7.40-தான்.

தாளில் நடக்கும் பெரிய தப்பு, ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது. அப்போது எண்ணங்கள் மறந்திருக்கும், வெட்கம் திருத்தி எழுதியிருக்கும். சாப்பிட்ட ஐந்து நிமிடத்துக்குள் எழுதினால்தான் பயன். "எழுதினா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேனே" என்ற பயம் நியாயம்தான். ஒன்றிரண்டு வாரம் நினைப்பு கூடும், பின்பு தணியும். மோசமான நாளில் மட்டும் தாள் காலியாக வந்தால், சிகிச்சையாளர் அதை விட்டுவிடாமல் கேட்க வேண்டும். காலியான கட்டமும் ஒரு தகவல்தான்.

மூன்றும் இரண்டும்

அடுத்தது சிகிச்சையின் முதுகெலும்பு. ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி. எந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இவற்றுக்கு இடையில் எதுவும் இல்லை. எடை குறையாதவருக்கு இந்தக் கட்டத்தில் என்ன சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பிடித்ததைச் சாப்பிடலாம், சாப்பிட்டதை ஈடுகட்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. எப்போது என்பதுதான் பாடம். காலையில் எழுந்ததும் அன்றைய நேரங்களைத் தாளின் மேலே எழுதிவிட வேண்டும். எந்த நேரத்தில் கேட்டாலும், "அடுத்தது எத்தனை மணிக்கு, என்ன?" என்பதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஒரே நாளில் முழு அட்டவணைக்கும் தாவ முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு, நாளின் எந்தப் பகுதி ஓரளவு ஒழுங்காக இருக்கிறதோ அங்கே தொடங்குவோம். பெரும்பாலும் அது காலை. காலை உணவு ஒரு வாரம் நிலைத்தபின் மதியம், பிறகு மாலைத் தீனி.

இதில் இடறும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முந்தின இரவு கட்டுமீறித் தின்றுவிட்டு, மறுநாள் காலையை விடுவது. இதுதான் முதலிடம். விதி எளிது: என்ன நடந்திருந்தாலும் அடுத்த வேளை அதன் நேரத்தில், அதன் அளவில்.

"பசிக்கவில்லை." பசியும் திருப்தியும் வருடக்கணக்கில் குழம்பிக் கிடந்தவை. அவை திரும்பி நம்பகமாக வேலை செய்யப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை கடிகாரம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். "உடம்பு கேட்கும்போது சாப்பிடு" என்ற அறிவுரை மற்றவர்களுக்கு நல்லது, இவர்களுக்கு இப்போது ஆகாது.

தீனியை விட்டுவிடுவது. சாப்பாட்டை ஒப்புக்கொண்டவர்களும் மாலை நாலரை மணித் தீனியை "அவசியமா?" என்பார்கள். இரவு ஏழு மணிப் போராட்டம் அந்த நாலரையில்தான் முடிவாகிறது.

நடுவில் எழும் உந்துதலுக்கு ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். அந்த நேரத்தைக் கடத்தும் வேலை கையையும் வாயையும் ஈடுபடுத்துவதாக, சாப்பாட்டோடு சேராததாக இருக்க வேண்டும். யாருக்காவது போன் செய்வது, குளிப்பது, நடந்துவிட்டு வருவது, தோழியின் வீட்டுக்குப் போவது. டி.வி. பார்ப்பதைப் பலரும் எழுதுவார்கள், அடித்துவிடுங்கள். டி.வி. முன்னால் கை சும்மா இருக்கும். வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஆட்களோடு இருப்பது எதையும்விடப் பலன் தருகிறது.

உடம்பு பயமுறுத்தும் நாட்கள்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதால் எத்தனையோ பேர் இரண்டாவது வாரத்தில் பின்வாங்குகிறார்கள். அதனால் விரித்தே சொல்கிறேன்.

வாந்தியும் பேதி மாத்திரையும் உடம்பில் தண்ணீர் வற்றச் செய்கின்றன. அதை ஈடுகட்ட உடம்பு உப்பையும் நீரையும் இழுத்துப் பிடித்துவைக்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்துகொண்டிருக்கும். பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் ஹார்மோன் உடனே இறங்காது. விளைவு, கணுக்கால் வீங்கும், மோதிரம் இறுகும், எடைக்கருவி சில நாளிலேயே ஏறிக் காட்டும். அது கொழுப்பு இல்லை, நீர். சில வாரங்களில் வடியும். அந்தப் பயத்தில் நீர் போக்கும் மாத்திரையைத் தேடிப் போனால் அதே வட்டம் மறுபடி தொடங்கும். பேதி மாத்திரையை நெடுநாள் எடுத்தவர் எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். அந்த மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில். சத்து உறிஞ்சப்படுவது அதற்கு முன்னால் சிறுகுடலில். அது வெளியேற்றுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான்.

கன்னம் உப்புவதும் அப்படித்தான். காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி வாந்தியால் வீங்கும். நிறுத்திய மூன்று நான்கு நாளில் இன்னும் கொஞ்சம் வீங்கலாம். கண்ணாடியில் பார்ப்பவர் "சாப்பிட ஆரம்பிச்சதும் முகம் குண்டாயிடுச்சு" என்று முடிவு கட்டுவார். வெதுவெதுப்பான ஒத்தடமும் புளிப்பு மிட்டாயும் உதவும். பிறகு வடிந்துவிடும்.

மூன்றாவது வயிற்று உப்புசம். குறைவாகத் தின்றே பழகிய இரைப்பை மெதுவாகக் காலியாகும். நாலு வாய்க்கே நெஞ்சு வரை அடைத்தது போலிருக்கும். ஒழுங்காகச் சாப்பிடச் சாப்பிட இதுவும் சரியாகும், வேறு மருந்து பெரிதாக இல்லை.

பல்லைப் பற்றி ஒரு வரி. வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் ஊறி மென்மையான பற்பூச்சைத் தேய்த்தெடுப்பதாகிவிடும். தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, துலக்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

உண்மையான ஆபத்துகள் வேறு. நீண்ட பட்டினிக்குப் பின் சாப்பிடத் தொடங்கும்போது இன்சுலின் ஏறும், ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் இவை சட்டென்று விழுந்தால் இதயமே தடுமாறும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முதல் ஒன்றிரண்டு வாரம் ஆபத்தான காலம். மிகவும் எடை குறைந்தவர், பல நாள் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவர் வீட்டில் தாமாகத் தொடங்கக் கூடாது. தயமின் என்ற பி1 வைட்டமினை முன்னதாகக் கொடுத்து, அடிக்கடி ரத்தம் பார்த்து, மேற்பார்வையில்தான் சாப்பாட்டை ஏற்ற வேண்டும்.

மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட இறங்காத நிலை, உட்கார்ந்து எழ முடியாத தளர்ச்சி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டதென்று நிம்மதி அடையவும் முடியாது. உடம்பு கடைசிவரை எண்களைச் சரிக்கட்டிக் காட்டும். அதனால்தான் நாடி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். முதல் வகை நீரிழிவு இருப்பவர் எடைக்காக இன்சுலின் ஊசியைக் குறைக்கிறார் என்றால் அது தனி அவசரம். இதைச் சிகிச்சையாளர் நேரடியாகக் கேட்க வேண்டும், அவராகச் சொல்ல மாட்டார்.

வீட்டுச் சாப்பாட்டு மேசை

வளரிளம் பருவத்தில் வரும் அனோரெக்ஸியாவுக்குப் பாதை வேறு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பவழிச் சிகிச்சைதான் முதல் தேர்வு. ஏன் வந்தது என்ற ஆராய்ச்சியை அது ஒதுக்கி வைக்கிறது. பெற்றோர்தான் காரணம் என்ற பழியையும் சேர்த்து ஒதுக்குகிறது. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்ற முடிவு முழுக்கப் பெற்றோர் கையில். எடை மீளத் தொடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கைக்குத் திரும்பும். மூன்றாவது கட்டத்தில்தான் வயதுக்குரிய மற்ற விஷயங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். இரண்டாவது அமர்வுக்குக் குடும்பமே சாப்பாட்டோடு வரும். பிள்ளை தானாகச் சாப்பிட இருந்ததைவிட ஒரு வாயாவது கூடுதலாகச் சாப்பிட வைக்கப் பெற்றோருக்கு அங்கேயே கற்றுக்கொடுப்பார்கள்.

"அம்மா, போதும்மா. வயிறு வெடிச்சிடும் போல இருக்கு."

"கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணு. அடுத்த வாய் எடு."

"என்னைக் குண்டாக்கத்தானே பாக்கறே!"

"நான் இங்கேயேதான் இருக்கேன். அடுத்த வாய் எடு."

இவ்வளவுதான். புரதம், வைட்டமின் என்று அம்மா வாதத்தில் இறங்கினால் தோற்றுவிடுவார். நோய்க்குப் பேச்சுத் திறமை அதிகம். மறுபக்கம் அப்பா "விடேன், பாவம், நாளைக்குச் சாப்பிடட்டும்" என்றால் அன்றைய வேளை முடிந்தது. பெற்றோர் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். வித்தியாசத்தைப் பிள்ளை இல்லாத அறையில் பேசித் தீர்க்கலாம். தம்பி தங்கைகளுக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள். சாப்பாடு முடிந்தபின் அவர்கள் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து விளையாடினால் போதும்.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நல்லா தேறிட்டியே", "முகம் பூசினாப்ல இருக்கு" என்பதெல்லாம் அன்பாகச் சொல்வதுதான். கேட்பவர் காதில் "குண்டாயிட்டே" என்று மட்டுமே விழும். உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் சொல்லாமல் இருந்துவிடுவது நல்லது.

எடைக்கருவி

தினம் ஐந்து முறை ஏறுகிறவரும், பயந்து இரண்டு வருடமாக ஏறாதவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவருமே எண்ணுக்கு அடிமை. சிகிச்சையில் வாரத்துக்கு ஒருமுறை, சிகிச்சையாளரின் அறையில், இருவரும் சேர்ந்து பார்த்துக் கட்டத்தாளில் ஒரு புள்ளி வைப்பார்கள். வீட்டுக் கருவி பரணுக்குப் போய்விட வேண்டும். பார்ப்பதற்கு முன் "எவ்வளவு ஏறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். நாலு வாரம் கழித்து அவர் பயந்ததும் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஒற்றைப் புள்ளிக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. உப்பு, தண்ணீர், மலம், மாதவிடாய் எல்லாம் எண்ணை ஆட்டும். நான்கு புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

பல சிகிச்சையாளர்கள் இந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுகிறார்கள். எடை பார்த்தால் எதிரில் இருப்பவர் அழுவாரே என்ற தயக்கம். அந்தத் தயக்கம் சிகிச்சையாளருடையது, அதற்கு விலை கொடுப்பவர் எதிரில் இருப்பவர். யாரிடம் போவது என்று முடிவு செய்யும் முன் தயங்காமல் கேளுங்கள்: எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள், எடை பார்ப்பீர்களா, பதிவுத் தாள் உண்டா, உங்களோடு சேர்ந்து பார்க்கும் மருத்துவர் யார்? "நீங்கள் உங்களை நேசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். முதல் நாளே எடை குறைக்கும் டயட் எழுதிக் கொடுத்தாலும் அப்படியே.

மருந்து துணைக்குத்தான். புலிமியாவில் ஃப்ளூயாக்செடின் 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தருவதைவிடக் கூடுதல் அளவு, தின்பதையும் வாந்தியையும் குறைக்கிறது. எடை குறைந்த அனோரெக்ஸியாவில் அதே மாத்திரை பெரிதாக எடுபடுவதில்லை. புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து இந்த இரண்டு நோயிலும் கூடாது, வலிப்பு வரலாம். வேறு காரணத்துக்காக அதை எழுதும் மருத்துவரிடம் உணவுக் கோளாறு இருப்பதை மறைக்க வேண்டாம்.

இப்போது கண்ணாடி

சாப்பாடு ஓரளவு ஒழுங்குக்கு வந்தபின் ஒரு வட்டம் வரையச் சொல்வார்கள். "நீங்கள் நல்ல மனிதர், தேறியவர் என்று எதை வைத்து உங்களை மதிக்கிறீர்கள்?" நட்பு, வேலை, குடும்பம், இசை, உடல். ஒவ்வொன்றும் மோசமானால் எவ்வளவு நொறுங்கிப் போவீர்கள் என்பதைப் பொறுத்து வட்டத்தைத் துண்டு போட வேண்டும். பெரும்பாலானோர் தாளில் உடலும் எடையும் முக்கால் வட்டத்தை விழுங்கியிருக்கும். இரண்டு பக்கமிருந்தும் வேலை நடக்கும். ஒதுங்கிப்போன துண்டுகளைப் பெரிதாக்குவது ஒன்று. விட்டுப்போன பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் என்று எதையாவது இந்த வாரமே தொடங்க வேண்டும். பெரிய துண்டை ஊட்டி வளர்க்கும் பழக்கங்களை நிறுத்துவது இன்னொன்று.

அந்தப் பழக்கங்களில் முதலாவது உடலைச் சோதிப்பது. ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள், இரண்டிலும் 24 மணி நேரம் ஒவ்வொரு சோதிப்பையும் குறிக்கச் சொல்வார்கள். வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் வளைத்துப் பார்ப்பது, பழைய ஜீன்ஸைப் போட்டுப் பார்ப்பது, கடைக் கண்ணாடியில் பக்கவாட்டுப் பார்வை, செல்ஃபி எடுத்து அழிப்பது. எண்ணிக்கையைப் பார்த்து அவரே அசந்துபோவார். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: எதைத் தெரிந்துகொள்ளப் பார்த்தீர்கள்? பார்த்ததால் அது தெரிந்ததா? பார்த்தபின் மனம் எப்படி இருந்தது? கிள்ளுவது, அளப்பது போன்றவற்றை முழுவதும் நிறுத்த வேண்டும். கண்ணாடியை நிறுத்த முடியாது, தலை வாரவும் உடை சரிபார்க்கவும் வேண்டுமே. அதற்கு எந்தக் கண்ணாடி, எத்தனை நிமிடம் என்று முடிவு செய்துகொள்ளலாம். எதையும் உற்று ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் அது பெரிதாகத் தெரியும். செல்ஃபியில் இன்னும் மோசம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் லென்ஸ் தனக்குக் கிட்டே இருப்பதை அகலமாக்கிக் காட்டும்.

ஒப்பிடுவதற்கு ஒரு பயிற்சி உண்டு, எனக்குப் பிடித்தது. தெருவில் போகும்போது தன் வயதொத்தவர்களில் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் பார்க்க வேண்டும். கண் தானாகத் தேடிப்போகும் ஒல்லியானவரைப் பார்க்கக் கூடாது, வரிசையில் மூன்றாவது வருகிறவர் யாராக இருந்தாலும் அவரை. பத்து நிமிடத்திலேயே, இதுவரை கண் எப்படி ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடும்.

சிலர் நேர்மாறு. இருட்டில் உடை மாற்றுவார்கள், தொளதொளச் சட்டைக்குள் ஒளிவார்கள், போட்டோவுக்கு நிற்க மாட்டார்கள். இவர்களுக்குப் படிப்படியாக வெளியே வரும் பயிற்சி. முழு உயரக் கண்ணாடியின் முன் சிகிச்சையாளரோடு நின்று, தலையிலிருந்து பாதம் வரை வருணிக்க வேண்டும். எதிரில் இருப்பதைப் பார்க்க முடியாத ஓவியர் ஒருவர் நம் சொல்லைக் கேட்டே வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தொடை அசிங்கமா இருக்கு" என்றால் அவரால் கோடு போட முடியாது. "தொடை முழங்காலைவிட அகலம், மேலே போகப்போக அகலமாகிறது, இடது பக்கம் ஒரு தழும்பு" என்றால் முடியும். பிடிக்காத இடத்தில் தங்கிவிடாமல், எல்லா இடத்துக்கும் ஒரே அளவு நேரம். இதை வீட்டில் தனியாகத் தொடங்கினால் பழைய சோதிப்பாகவே மாறிவிடும்.

"இன்னிக்குக் குண்டா ஃபீல் ஆகுது" என்பது கடைசி முடிச்சு. நேற்றும் இன்றும் உடம்பு ஒன்றேதான். உணர்வு மட்டும் மணிக்கு மணி ஏறி இறங்குகிறது. அது உச்சத்துக்குப் போகும்போது தாளில் எழுதி, பக்கத்தில் அந்த நேரத்தில் வேறு என்ன நடந்தது என்று குறிக்க வேண்டும். புழுக்கம், இறுக்கமான உடை, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தது, தூக்கமின்மை, மேலாளர் திட்டியது, தனிமை. நாலு வாரத் தாளைப் புரட்டினால், "குண்டு" என்ற சொல் கோபத்துக்கும் களைப்புக்கும் வைத்த புனைபெயராக இருந்தது தெரியவரும்.

உடல் பற்றிய இந்த எண்ணங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக மாறும். சிகிச்சை முடிந்தபின்னும் மாறிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் முழுப் பலன் கிடைப்பதும் இல்லை. நீண்டநாள் அனோரெக்ஸியாவில் இன்னும் கடினம்.

கடைசி மூன்று அமர்வில் ஒரு பக்கத் திட்டம் எழுதிக் கையில் கொடுப்பார்கள். மறுபடி சறுக்கினால் முதலில் எது தெரியும் என்பதை அவரே எழுத வேண்டும்: மாலைத் தீனி நின்றுபோவது, பரணில் இருந்த எடைக்கருவி இறங்கி வருவது, வெளியில் சாப்பிடக் கூப்பிட்டால் சாக்குச் சொல்வது. தேர்வு, பிரிவு, கர்ப்பம், காய்ச்சலில் இளைப்பது என்று ஆபத்தான காலங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் சறுக்கினால் பதிவுத் தாளை அன்றே எடுத்து, மூன்றும் இரண்டும் என்ற அட்டவணைக்கு அடுத்த வேளையிலிருந்து திரும்ப வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது என்று எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். முடிந்து 20 வாரம் கழித்து மறுபார்வைக்கு ஒரு தேதி இருக்கும். அன்று எல்லாம் நன்றாக இருந்தாலும் போய்விட்டு வாருங்கள், தாளையும் எடுத்துக்கொண்டு.